ஆபீஸ் மெஷினுக்கு எந்த லினக்ஸ்? தேதி பார்த்து டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாதம் 19ஆம் தேதி, சாயங்காலம். ஒரு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். இருந்த ஆறு மெஷினில் நாலில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யவில்லை. விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நாலாம் தலைமுறை ஐ5 மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நன்றாக ஓடுகிற மெஷின்களைத் தூக்கிப்போட மனமில்லாமல், ஆடிட்டரின் அக்கா பையன் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அதுவரை நல்ல காரியம்தான். ஆனால் லினக்ஸ் பல வகையாக வருகிறது; ஒவ்வொரு வகைக்கும் டிஸ்ட்ரோ என்று பெயர்.

"தம்பி, என்ன டிஸ்ட்ரோ போட்ட?"

"ரோலிங் ரிலீஸ்ணா. எல்லாமே லேட்டஸ்ட். டெஸ்க்டாப் செமையா இருக்கும்."

"கடைசியா எப்ப அப்டேட் பண்ண?"

"இன்னிக்கு மத்தியானம்தாண்ணா."

அன்று ராத்திரி, அலமாரியில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி விண்டோஸைக் கிளப்பித்தான் தாக்கலை முடித்தோம். பையன்மேல் எனக்குக் கோபமில்லை. 'எது நல்ல லினக்ஸ்' என்று தேடினான், ஒன்று கிடைத்தது, போட்டான். தொழிலுக்கு லினக்ஸ் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. உங்கள் மேஜையில் மாற்றவே முடியாத பொருள் எது? இந்த டிஸ்ட்ரோவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும்? உடைந்தால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், தேர்ந்தெடுக்க இரண்டு பெயர்தான் மிஞ்சும். டெஸ்க்டாப் அழகை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

படி 1: மாற்ற முடியாததை முதலில் எழுதுங்கள்

ஒரு முழு வேலைநாள் ஆபீஸில் உட்கார்ந்து, யார் எதைத் திறக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வாய்வழியாக மட்டும் கேட்டால் "எங்களுக்கு பிரவுசர் இருந்தா போதும் சார்" என்பார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒருவர் செக் பிரிண்ட் செய்ய ஒரு எக்செல் மேக்ரோவைத் திறப்பார். எட்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போன யாரோ எழுதியது. லினக்ஸில் எக்செல்லுக்குப் பதிலாக வரும் லிப்ரேஆபீஸில் அது பாதி ஓடும், மீதிப் பாதியில் நிற்கும். மாதம் ஒரே ஒரு தடவை திறக்கப்படும் வருகைப்பதிவு மெஷினின் சாஃப்ட்வேர் இன்னொன்று. இந்த இரண்டும் நோட்டில் ஏறவில்லை என்றால் முதல் மாதச் சம்பள நாளில் உங்கள் போன் அடிக்கும்.

டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கணக்கு முழுக்க டேலியில் இருக்கிற இடத்தில் ஒரு விண்டோஸ் மெஷினை அப்படியே விட்டுவைத்து மற்றவற்றை மட்டும் மாற்றுவதுதான் யதார்த்தம். அல்லது லினக்ஸுக்குள் வெர்ச்சுவல் மெஷினில் ஆதரவுள்ள விண்டோஸை ஓட்டலாம், மெமரி 16 ஜிபி இருந்தால். பேஜ்மேக்கரை நம்பி ஓடும் அச்சகத்துக்கும் இதே கதைதான். லினக்ஸில் ஓடும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ், 1.6 பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது. ஆனால் இருபது வருஷத்து பேஜ்மேக்கர் கோப்புகளை அது திறக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சில துறைகளில் உங்களுக்குத் தேர்வே இல்லை. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நிறைய நேரம் மிச்சம். டாவின்ச்சி ரிசால்வ் வைத்துப் படத்துக்கு நிறம் ஏற்றுகிறவர்களுக்கு, அந்த மென்பொருளைச் செய்கிறவர்களே ராக்கி லினக்ஸைத்தான் கைகாட்டுகிறார்கள். சிப் வடிவமைப்புக் கருவிகள் ரெட் ஹேட் குடும்பத்தை, அதாவது ரெட் ஹேட் கம்பெனியின் லினக்ஸையும் அதை ஒட்டி வருபவற்றையும், கேட்கும். எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் ஓடவேண்டிய சர்வர் என்றால் சூசே அல்லது ரெட் ஹேட். ரோபாட்டிக்ஸில் ஆர்ஓஎஸ் 2 வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஹம்பிள் பதிப்பு உபுண்டு 22.04, ஜாஸி பதிப்பு உபுண்டு 24.04 என்று கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். இந்த இடங்களில் மென்பொருள் தயாரிப்பாளர் போட்டிருக்கும் பட்டியலில் இருப்பதை, அதே பதிப்பு எண்ணோடு எடுங்கள். 'அதுவும் லினக்ஸ் இதுவும் லினக்ஸ்' என்ற வாதம் சப்போர்ட் டிக்கெட் போடும்போது எடுபடாது. முதல் பதிலிலேயே ஓஎஸ் என்ன என்று கேட்பார்கள், இரண்டாவது பதிலில் டிக்கெட்டை மூடுவார்கள்.

படி 2: காலண்டரை எடுத்து வையுங்கள்

ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு சாகும் தேதி உண்டு. அதற்குப் பிறகும் மெஷின் ஓடும், ஆனால் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. இந்தத் தேதியைப் பார்க்காமல் ஐஎஸ்ஓ எனும் நிறுவல் கோப்பை இறக்குகிறவர்கள்தான் அதிகம்.

உபுண்டுவில் எண்ணே தேதிதான்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை வருஷ ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து வருஷம். 24.04க்கு 2029 வரை. இடையில் வரும் 24.10, 25.04, 25.10 போன்றவற்றுக்கு ஒன்பதே மாதம். ஆபீஸ் மெஷினில் இடைப்பதிப்பைப் போடுவது, அடுத்த வருஷம் மறுபடி எல்லா மெஷினையும் திறப்பதற்கு நீங்களே நாள் குறிப்பது மாதிரி.

உபுண்டுவில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. அந்த ஐந்து வருஷ வாக்குறுதி 'மெயின்' என்ற தொகுப்புக்குத்தான் முழுசாகப் பொருந்தும். நாம் நிறுவுகிற மென்பொருள்களில் கணிசமானவை 'யுனிவர்ஸ்' தொகுப்பிலிருந்து வருபவை. அதற்கும் உறுதியான பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்றால் உபுண்டு புரோ என்ற சந்தாவில் மெஷினைப் பதிய வேண்டும். ஐந்து மெஷின் வரை அது இலவசம், ஆதரவும் பத்து வருஷமாக நீள்கிறது. ஆறாவது மெஷினிலிருந்து காசு. சின்ன ஆபீஸ்காரர்கள் இந்த ஐந்து என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெபியன் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு விடும். மூன்று வருஷம் முழு ஆதரவு, அதன்பின் இரண்டு வருஷம் எல்டிஎஸ் குழுவின் ஆதரவு. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13, பெயர் டிரிக்ஸி, 2030 வரை தாங்கும். லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04இன் மேல் கட்டியது, அதனால் அதற்கும் 2029. ரெட் ஹேட் குடும்பம் பத்து வருஷக் கணக்கு: 9ஆம் பதிப்பு 2032 வரை, 10ஆம் பதிப்பு 2035 வரை. அதே அடித்தளத்தில் வரும் ஆல்மாலினக்ஸும் ராக்கியும் இதே தேதிகளை ஒட்டியே போகின்றன. ஃபெடோராவுக்குப் பதிப்புக்கு 13 மாதம்போல. ஆர்ச் போன்ற ரோலிங் டிஸ்ட்ரோக்களுக்குத் தேதியே இல்லை. தினமும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஆடிட்டர் ஆபீஸில் நடந்தது இதுதான்: மத்தியானம் வந்த அப்டேட்டில் ஒரு நூலகத்தின் பதிப்பு மாறியது, டோக்கனின் பழைய டிரைவர் அந்த நூலகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

படி 3: பழசு என்றால் ஓட்டை என்று நினைக்காதீர்கள்

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களைக் குழப்புவது இதுதான். டெபியன் 12இல் ஓபன்எஸ்எஸ்ஹெச், அதாவது தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் மென்பொருள், பதிப்பு 9.2. 2024 ஜூலை 1 அன்று அதில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. ரெக்ரெஷன் என்ற சொல்லோடு எஸ்எஸ்ஹெச்சைக் கோத்து அதற்குப் பெயரும் வைத்தார்கள். மூல மென்பொருளில் 9.8இல்தான் அது சரிசெய்யப்பட்டது. அப்படியானால் 9.2 ஓடும் டெபியன் மெஷின் எல்லாம் திறந்த வீடா? இல்லை. டெபியன்காரர்கள் 9.8க்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கிற சில வரிகளை மட்டும் எடுத்து 9.2க்குள்ளேயே வைத்துத் தைத்தார்கள். பதிப்பு எண்ணின் வாலில் மட்டும் 'டெப்12யு3' என்று மாறியது. இதற்குத்தான் பேக்போர்ட் என்று பெயர்.

கம்பெனியின் பாதுகாப்புத் தணிக்கையில் ஸ்கேனர் ஓட்டுகிறவர் "உங்க எஸ்எஸ்ஹெச் 9.2, ஆபத்து" என்று சிவப்பில் அறிக்கை கொடுத்தால் பதறி மூலக் கோடை இறக்கி நீங்களே கம்பைல் செய்து போடாதீர்கள். அப்படிச் செய்த நிமிஷத்திலிருந்து அந்த மென்பொருளுக்கு டிஸ்ட்ரோ பொறுப்பில்லை, நீங்கள்தான் பொறுப்பு. வாலில் இருக்கும் எண்ணைக் காட்டி, டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அறிவிப்பை இணைத்துப் பதில் அனுப்புங்கள்.

பழசாக இருப்பதே காப்பாற்றிய சம்பவமும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பது தெரியவந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று குடைந்து கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைக்கும், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளுக்கும், ஓபன்சூசே டம்பிள்வீடுக்கும் அந்தப் பதிப்புகள் ஏற்கனவே போய்விட்டன. டெபியன் நிலைப்பதிப்பு, உபுண்டு எல்டிஎஸ், ரெட் ஹேட் மூன்றும் பழைய எக்ஸ்இசட்டிலேயே உட்கார்ந்திருந்ததால் அவற்றைத் தொடவே இல்லை.

சரி, அப்படியானால் கிடைப்பதிலேயே பழசை எடுத்து வைத்துக்கொள்ளலாமா? அங்கேயும் உதை விழும். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய சர்வர் லினக்ஸில் அடிப்படை சி நூலகம், ஜிலிப்சி, 2.17. 2024 தொடக்கத்தில் விஎஸ் கோட் என்ற எடிட்டரின் 1.86 பதிப்பு வந்தபோது, தொலைவிலிருக்கும் சர்வரோடு இணைய அங்கே ஜிலிப்சி 2.28 வேண்டும் என்றது. சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 18.04 சர்வர்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் காலையில் எடிட்டரைத் திறந்தார்கள், இணையவில்லை. கூச்சல் அதிகமானதும் கொஞ்ச காலத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். பத்து வருஷ ஆதரவு என்பது அடியில் இருக்கிற ஓஎஸ்ஸுக்குத்தான். மேலே ஓடுகிற கருவிகள் உங்களுக்காகப் பத்து வருஷம் நிற்காது. டெவலப்பர் மெஷினுக்கு மூன்று, நாலு வருஷத்துக்கு மேல் ஒரே பதிப்பில் குடியிருக்கத் திட்டமிடாதீர்கள். தரவுத்தளம் மட்டும் ஓடும் சர்வரை எட்டு வருஷம் கூட விடலாம்.

படி 4: பின்னால் யார் நிற்கிறார்கள்

சென்ட்ஓஎஸ் கதையை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் டிஸ்ட்ரோ எடுக்க வேண்டும். ரெட் ஹேட்டை அப்படியே காசில்லாமல் தரும் நகல் என்பதால் உலகம் முழுக்க ஹோஸ்டிங் கம்பெனிகள் சென்ட்ஓஎஸ்ஸில் நின்றன. 2019இல் ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது, 2029 வரை ஆதரவு என்று நம்பி எல்லோரும் ஏறினார்கள். 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு: சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31ஓடு சரி. பத்து வருஷ வீட்டுக்குக் குடிபோனவர்களிடம் ஒரு வருஷத்தில் காலி செய்யச் சொன்ன மாதிரி.

அந்த வெற்றிடத்தில்தான் இரண்டு டிஸ்ட்ரோக்கள் பிறந்தன. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் கம்பெனி ஆல்மாலினக்ஸைக் கொண்டுவந்தது. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலக் கோடைப் பொதுவெளியில் வைப்பதைக் குறைத்ததும் இருவர் பாதையும் பிரிந்தது. ராக்கி அச்சு அசல் நகலாகவே இருக்கப் பார்க்கிறது. ஆல்மா, 'ரெட் ஹேட்டில் ஓடும் மென்பொருள் எங்களிடமும் ஓடும்' என்ற பொருத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. இதனால் ஆல்மாவால் சில இடங்களில் தன் விருப்பப்படி நடக்க முடிகிறது. ரெட் ஹேட் 10க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள புராசசர் கட்டாயம். ஆல்மா 10 பழைய புராசசர்களுக்கென்று தனிப் பதிப்பும் தருகிறது. நாலாம் தலைமுறை ஐ3, ஐ5இல் ஏவிஎக்ஸ்2 உண்டு. அதே தலைமுறை பென்டியம், செலரானில் கிடையாது. பழைய மெஷினை சர்வராக்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். அணு ஆராய்ச்சிக்கான சேர்ன் கூடம் 2022 டிசம்பரில் ஆல்மாவைத் தன் அடிப்படை லினக்ஸாக எடுத்துக்கொண்டது.

டெபியன் நேர் எதிர். விற்பதற்கு அங்கே கம்பெனியே கிடையாது. இயான் மர்டாக் 1993இல் தொடங்கியது. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை யாரும் வாங்கி மூட முடியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கவும் அங்கே யாரும் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் 'இத்தனை மணி நேரத்தில் பதில்' என்ற வரி இருந்தால் ரெட் ஹேட், சூசே, உபுண்டு புரோ என்று காசு கட்டி எடுங்கள். அந்தச் செலவை மென்பொருள் விலையாகப் பார்க்க வேண்டாம், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வைப்பது போன்ற செலவு அது.

ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து செய்கிற அழகான டிஸ்ட்ரோக்கள் ஏராளம். மதிப்புடன்தான் சொல்கிறேன், ஆபீஸுக்கு வேண்டாம். அவர்களுக்குக் கல்யாணம் ஆனால் உங்கள் அப்டேட் நின்றுவிடும்.

இன்னொரு கேள்வி, எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இருக்காது: உங்கள் ஊரில் இதைத் தெரிந்தவர் யார்? உபுண்டு, மின்ட் தெரிந்த டெக்னீஷியன் பெரும்பாலான ஊரில் கிடைப்பார். சூசே தரமான டிஸ்ட்ரோ, ஆனால் உங்கள் ஊரில் அதைத் தொட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், நீங்கள் காய்ச்சலில் படுத்த நாளில் ஆபீஸும் படுத்துவிடும்.

படி 5: என் கணக்கு

இதுவரை சொன்னதை வைத்து நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள்.

பத்து மெஷினுக்குள் இருக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் மின்ட், சின்னமன் டெஸ்க்டாப்போடு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. விண்டோஸ் பழகிய கண்களுக்கு விளக்கமே வேண்டாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று. உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது. ஸ்னாப் ஒரு கூண்டு. பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் கூண்டுக்கு வெளியே இருக்கிறது, உள்ளிருக்கும் பிரவுசருக்கு அது எட்டாமல் நிறையப் பேர் திணறியிருக்கிறார்கள். மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸ் பழையபடி டெப் தொகுப்பாகவே வருகிறது. டோக்கன் வைத்துப் பிழைக்கும் ஆபீஸுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சர்வருக்கு டெபியன். மென்பொருள்காரர் ரெட் ஹேட் கேட்டால் ஆல்மா அல்லது ராக்கி, காசும் ஒப்பந்தமும் இருந்தால் ரெட் ஹேட்டேதான்.

டெவலப்பர்களுக்கு உபுண்டு எல்டிஎஸ். புதிய கெர்னலும் புதிய கருவிகளும் வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறையாவது பதிப்பு ஏற்றச் சம்மதம் என்றால் ஃபெடோரா நல்ல தேர்வு. எதை எடுத்தாலும் டிஸ்ட்ரோவின் பைத்தானில் கைவைக்காதீர்கள். டெபியன் 12இலிருந்து, பிப் என்ற பைத்தான் நிறுவு கருவியை வைத்து நேரடியாக நிறுவப் போனால் 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று முறைத்துத் தடுக்கும். அதை மீறுகிற கொடியைத் தேடாமல் புராஜெக்டுக்கு ஒரு வென்வ், அதாவது தனிப் பைத்தான் சூழல், போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்ச்? என் சொந்த லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது. உடைந்தால் என்னைத் திட்ட நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

படி 6: நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

ஒரு பென்டிரைவில் வென்டாய் என்ற கருவியைப் போட்டு, நாலைந்து ஐஎஸ்ஓக்களை அப்படியே காப்பி செய்துகொண்டால் ஒரே பென்டிரைவில் எல்லாவற்றையும் லைவாக, அதாவது நிறுவாமலே, கிளப்பலாம். ஐஎஸ்ஓ இறக்கியதும் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணை டிஸ்ட்ரோ தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பாதி இறங்கிய கோப்போடு ஒரு நாளை வீணாக்கியவன் சொல்கிறேன்.

லைவில் பார்க்க வேண்டியது டெஸ்க்டாப்பின் பின்னணிப் படத்தை அல்ல. வைஃபை இணைகிறதா, லேப்டாப் மூடியைச் சாத்தித் திறந்தால் எழுந்திருக்கிறதா, புரொஜெக்டரில் படம் விழுகிறதா, ஒலி வருகிறதா. மூடியைச் சாத்தித் திறக்கும் சோதனையை மூன்று தடவையாவது செய்யுங்கள், மூன்றாவது தடவை காலை வாரும் மெஷின்கள் உண்டு. என்விடியா கார்டு இருந்தால் அதன் டிரைவரை நிறுவிய பிறகுதான் சோதிக்க முடியும். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் வசதி) ஆனில் இருந்தால் அடுத்த பூட்டில் ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். அதை அவசரமாகத் தாண்டிவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

பிரிண்டர்தான் பெரிய தலைவலி. நெட்வொர்க்கில் இணைகிற புதிய பிரிண்டர்கள் டிரைவரே இல்லாமல் ஓடிவிடும். ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற தொகுப்பு பெரும்பாலும் போதும். யூஎஸ்பியில் மட்டும் ஓடும் பழைய மலிவு லேசர் பிரிண்டர்கள் பக்கத்தை வரையும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுபவை. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் டிரைவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாள்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிடப் பிரிண்டரை மாற்றுவது மலிவு.

டோக்கனைச் செருகி, டோக்கனோடு பேசும் பிசிஎஸ்சிடி சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் பாதுகாப்புச் சாதனங்கள் பகுதிக்குப் போய், டோக்கன் தயாரிப்பாளர் தந்த '.எஸ்ஓ' கோப்பை ஏற்றுங்கள். சான்றிதழ் கண்ணில் தெரிந்தால் பாதிக் கிணறு. மீதிப் பாதி, அரசு போர்ட்டல் கேட்கும் கையெழுத்துச் செயலி. அதை நிஜ லாகினில், ஒரு சின்ன படிவத்தில் கையெழுத்திட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதை மாதம் 5ஆம் தேதி வாக்கில் செய்யுங்கள், 19இல் வேண்டாம்.

தமிழ் தட்டச்சையும் இதே உட்காரலில் முடித்துவிடலாம். தேவை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதோடு எம்17என் தொகுப்பு. நிறுவி, வெளியேறி, மறுபடி உள்ளே வந்தால் உள்ளீட்டுப் பட்டியலில் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சுப்பொறி முறை, இலங்கையில் பழகிய ரங்கநாதன் விசைப்பலகை எல்லாம் வரிசையாக நிற்கும். எழுத்துருவுக்கு நோட்டோ தமிழும் லோஹித் தமிழும் போதும். 'கொ', 'க்ஷ', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பிடிஎஃப் எடுத்து, அதிலிருந்து காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள். பழைய பாமினி ஆவணங்கள் திறந்ததும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அந்த எழுத்துருக் கோப்பைத் தனிப்பயனர் எழுத்துரு அடைவில் போட்டால் தெளிந்துவிடும்.

படி 7: கடைசியாக மாற்ற வேண்டியது ஓஎஸ்

பிரான்ஸின் ஜாந்தர்மெரி காவல் படை செய்த வரிசை எனக்குப் பிடிக்கும். 2005இல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ஓபன்ஆபீஸுக்கு மாறினார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். ஆட்கள் இவற்றுக்குப் பழகிய பின், 2008இல்தான் அடியில் இருந்த விண்டோஸை உருவிவிட்டு உபுண்டுவை வைக்கத் தொடங்கினார்கள். நம் ஆபீஸ்களில் வெள்ளிக்கிழமை விண்டோஸ், திங்கள்கிழமை எல்லாமே புதுசு. ஊழியர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நீங்களும் முதல் மாதம் விண்டோஸிலேயே லிப்ரேஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் போட்டுவிடுங்கள். இரண்டாம் மாதம் ஒரே ஒரு மெஷினில் லினக்ஸ், அதுவும் ஆபீஸில் அதிகம் குறை சொல்கிறவருடைய மெஷினில். ஆர்வக்காரரிடம் கொடுத்தால் குறையை அவரே சரிசெய்துகொண்டு உங்களிடம் சொல்ல மாட்டார். ஒரு முழுத் தாக்கல் சுழற்சி, ஒரு சம்பள நாள், ஒரு மாதக் கடைசி அந்த மெஷினில் கடந்த பிறகு மற்றவை.

படி 8: நிறுவும் நாள்

எல்லா மெஷினிலும் ஒரே டிஸ்ட்ரோ, ஒரே பதிப்பு. ஆளுக்கொரு ரசனை இங்கே செல்லாது. கிளையன்ட் விவரம் உள்ள லேப்டாப் என்றால் நிறுவும்போதே டிஸ்க்கை லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டுங்கள்; பின்னால் பூட்டுவது பெரும்பாடு. அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது, எழுதி உறையிலிட்டு முதலாளியின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். ஊழியர்களின் கணக்குக்கு நிர்வாகி உரிமை கொடுக்க வேண்டாம்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறட்டும், மற்ற அப்டேட்டுகள் நீங்கள் சொல்லும் நாளில். அதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை வைத்து ஒரு நகல். அது ஓஎஸ்ஸைத்தான் பின்னுக்குத் திருப்பும். ஆவணங்களுக்குத் தனியாக பேக்கப் வேண்டும், அதுவும் வேறொரு டிஸ்க்கில். இரண்டும் ஒன்று என்று நினைத்து டிஸ்க் போன அன்று தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புது எல்டிஎஸ் வந்த வாரமே தாவாதீர்கள். உபுண்டுவே, பழைய எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களிடம் அடுத்ததற்குப் போகச் சொல்வது முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான், ஏறக்குறைய ஆகஸ்ட்டில். டெபியன் ஒரு நிலைப்பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே ஏறுவதில் பெயர் வாங்கியது. ரெட் ஹேட் குடும்பத்தில் அதற்குக் கருவிகள் உண்டு என்றாலும் நான் புதிதாக நிறுவித் தரவை நகர்த்துவதையே விரும்புவேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டு வெள்ளை ஸ்டிக்கர் எடுங்கள். அந்த ஆடிட்டர் ஆபீஸில் இப்போது ஆறு கேபினட்டிலும் ஒட்டியிருக்கிறது, பையனின் கையெழுத்தில்தான்: 'மின்ட் 22. ஆதரவு 2029 வரை. டோக்கன் சோதித்தது 5ஆம் தேதி. அப்டேட் 21ஆம் தேதிக்குப் பிறகு மட்டும்.'